ஏற ஏறக் குறைந்த எடை

புஷ்பவல்லி பழிவாங்கினாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனம் மாறி மன்னித்துவிட்டாள் என்று முடிகிற கதை வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது போய்க் கேளுங்கள். பழிவாங்குவது பாவம் என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டு ஆளை யாரும் ஊர் கூட்டித் திருடன் என்று சொன்னதில்லை.

என் பெயர் இராஜம்மா. எண்பதுகளின் கடைசியில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் சனிக்கிழமை மதியங்களில் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தது. அதில் எனக்குப் பக்கத்து நாற்காலி புஷ்பவல்லிக்கு. கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தாள். பஸ் ஏறி வருவாள். பேச்சு குறைவு, மறதி அறவே கிடையாது. ஒருநாள் பின் வரிசைப் பையன் ஒருவன் அவள் பென்சிலை வாங்கி முனையை ஒடித்துத் திருப்பிக் கொடுத்தான். பிறகு அவன் எத்தனை முறை கேட்டும் ஒரு வெள்ளைத் தாளைக்கூட அவள் அவனுக்குக் கொடுக்கவில்லை. "பென்சில்தானே, விடு லா" என்றேன். "ஒடிச்சதுக்கு இல்ல, ஒடிச்சிட்டு சிரிச்சான் பாரு, அதுக்கு" என்றாள். அன்றே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அவள் புருஷன் வாசு லோரி டிரைவர். கிள்ளானில் அடைக்கப்பன் என்பவர் நடத்திய லோரி கம்பெனியில் வேலை. ரவாங்கில் இருந்த பழைய இரும்புக் கிடங்கில் ஏற்றி, மேருவில் இருந்த உருக்காலையில் இறக்க வேண்டும். இரண்டு இடத்திலும் லோரியை நிறுப்பார்கள். ரவாங்கில் இருந்தது தண்டில் குண்டைத் தள்ளி நிறுக்கிற பழைய திம்பாங், அதாவது எடைமேடை. மேருவில் புதிதாகக் கம்ப்யூட்டர் வைத்த திம்பாங். லோரி மேடையில் ஏறி நின்றால் ஆபீசுக்குள் திரையில் எண் வரும்.

அடைக்கப்பன் புதிதாக ஒரு டிரெய்லர் வாங்கினார். கம்பெனியிலேயே பெரிய வண்டி அதுதான். டிரைவர்களுக்கெல்லாம் மண்டோராக, அதாவது மேற்பார்வை ஆளாக இருந்த சபாபதிக்கு அந்த வண்டிமேல் ஒரு கண். மண்டோர் வேலையோடு அதையும் ஓட்டினால் மரியாதையும் கூடும், வருமானமும் கூடும். ஆனால் முதலாளி சாவியை வாசுவிடம் கொடுத்துவிட்டார். வாசு அதுவரை ரோட்டில் ஒரு கோழியைக்கூட வண்டியால் அடித்தவனில்லை என்பதுதான் காரணம். சபாபதி அன்று வாசுவின் தோளில் தட்டி வாழ்த்தினாராம். "அந்தத் தட்டல் எனக்குப் புடிக்கல" என்று புஷ்பவல்லி பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

வாசு டிரெய்லரை நிறைய ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்ததும் பிரச்சினை வந்தது. ரவாங்கில் 34,020 கிலோ. மேருவில் கம்ப்யூட்டர் 31,536 என்று காட்டியது. ஏறக்குறைய இரண்டரை டன் இரும்பைக் காணோம். மற்றச் சின்ன லோரிகள் எல்லாம் இரண்டு இடத்திலும் ஒரே எடையைத்தான் காட்டின. ஆகவே திம்பாங்கில் குறை இல்லை, டிரைவரிடம்தான் குறை என்று சபாபதி முடிவு கட்டினார். வழியில் பழைய இரும்பு வாங்குகிற கடைகளுக்குப் பஞ்சமா என்ன?

லோரி முற்றத்தில் எல்லா டிரைவர்களும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் வாசுவை நிறுத்திக் கேட்டார்.

"எங்கடா எறக்குன?"

"நான் எங்கயும் நிறுத்தவே இல்லண்ணே. திம்பாங்ல ரெண்டு எடத்துலயும் இருபது இருபது கிலோவாத்தான் எடை ஏறும். 31,536ன்னா அந்தக் கடைசி ஆறு எப்படி வரும்? நீங்களே சொல்லுங்க."

"கம்ப்யூட்டருக்கே கணக்கு சொல்லித் தர்றியா நீ? கம்ப்யூட்டர் என்ன உன் மச்சானா, உனக்காகப் பொய் சொல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆறைப் பற்றி யாரும் அதற்குமேல் யோசிக்கவில்லை.

அந்த முற்றத்தின் மூலையில், அரசமரத்தடியில், முனியாண்டி சாமி இருந்தார். கிள்ளானில் லோரி நிறுத்துகிற இடமெங்கும் ஒரு முனியாண்டி உண்டு. புது வண்டி வந்தால் அவருக்குச் சுருட்டு வைக்காமல் சக்கரம் உருளாது. வெள்ளிக்கிழமை பூசைக்கு டிரைவர்களின் குடும்பங்களும் வரும். திருட்டுப் பேச்சு எழுந்தால் போலீசுக்குப் போகிற வழக்கம் அங்கே இல்லை. சாமி முன்னால் சூடம் கொளுத்தி, எரியும்போதே உள்ளங்கையால் அதை அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும். அதோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குமேல் கேட்கிறவன் சாமியைச் சந்தேகப்படுகிறான் என்று அர்த்தம்.

வாசுவைச் சூடம் அணைக்கச் சொல்லலாம் என்று யோசனை சொன்னவரும் சபாபதிதான். வெள்ளிக்கிழமை, பூசைக்கூட்டத்தின் நடுவில், புஷ்பவல்லி பொங்கல் பாத்திரத்தோடு நிற்க, வாசு உள்ளங்கையைச் சூடத்தின்மேல் வைத்து அழுத்தினான். "நான் எடுக்கல. எடுத்திருந்தா இந்தக் கை வெளங்காமப் போவட்டும்" என்றான். அடைக்கப்பன் தலையை ஆட்டினார். சத்தியம் பண்ணியாயிற்று, வண்டி மறுபடி வாசுவுக்குத்தான்.

பாவம், வாசு தன் நேர்மையைக் காட்டுவதற்காக அடுத்த நடையில் இன்னும் கொஞ்சம் கூடவே ஏற்றிக்கொண்டு போனான். மேருவில் முன்னைவிடக் குறைவாகக் காட்டியது.

அதற்குப் பிறகு அவனை யாரும் திருடன் என்று சொல்லவில்லை. அதைவிட மோசமான பெயர் வைத்தார்கள். முனியாண்டி முன்னால் பொய்ச் சத்தியம் பண்ணியவன் என்றார்கள். திருடனுக்காவது வேறு கம்பெனியில் வேலை கிடைக்கும். பொய்ச் சத்தியம் பண்ணியவனோடு ஒரே முற்றத்தில் வண்டி நிறுத்த எந்த டிரைவரும் சம்மதிக்கமாட்டான், தன் வண்டிக்கும் ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். வேலை போயிற்று. கிள்ளானில் எந்த லோரிக்காரரும் அவனைச் சேர்க்கவில்லை. கடைசியில் பாசாரில் காய்கறி மூட்டை தூக்கப் போனான். டிரெய்லர் சாவி சபாபதி கைக்குப் போயிற்று.

வேலை போனதைக்கூடப் புஷ்பவல்லி பொறுத்துக்கொண்டிருப்பாள். வாசுவின் கை சூடம் பட்ட இடத்தில் புண்ணாகி ஆறாமல் கிடந்தது. ஒருநாள் அவன் அதைப் பார்த்துக்கொண்டே, "நெசமாவே நான் எங்கயாச்சும் நிறுத்திட்டு மறந்துட்டேனா புஷ்பா? சாமிக்கு எம்மேல கோவம் இல்லன்னா இது ஏன் ஆற மாட்டேங்குது?" என்று கேட்டானாம். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் பயமாக இருந்தது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும் ராஜம்," என்றாள். "அந்த சபாபதி, அதே எடத்துல, அதே முனியாண்டி முன்னால, சூடத்த அணச்சு, எம்புருசன் சொன்னது சத்தியம்னு வாயால சொல்லணும். அதுவரைக்கும் என் வயிறு எரிஞ்சிக்கிட்டேதான் இருக்கும்."

இது ஆகிற காரியமா என்று நான் நினைத்தேன். ஆகிற வழி எங்கள் வகுப்பிலேயே வந்தது.

அந்தச் சனிக்கிழமை சி மொழியில் எண்களை வைப்பது பற்றிப் பாடம். முழு எண்ணை வைக்க 'இன்ட்' என்று எழுதுவோம். அந்த இன்ட்டுக்கு எவ்வளவு இடம் என்று மொழி கறாராகச் சொல்வதில்லை, மெஷினைப் பொறுத்தது என்றார் வாத்தியார். பெரிய ஆபீஸ்களில் இருக்கிற பெரிய மெஷின்களில் நான்கு பைட். எங்கள் மேசையில் இருந்த பிசியில் இரண்டே பைட். நான்கு பைட்டில் கோடிக்கணக்கில் கொள்ளும். இரண்டு பைட்டில் 32,767 வரைதான். அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் எண் மைனஸ் 32,768க்குத் தாவிவிடும், லோரி மீட்டர் கடைசி எண்ணைத் தாண்டியதும் சுற்றிக்கொண்டு வருகிற மாதிரி. இடம் பெரிதாக வேண்டுமென்றால் 'லாங்' என்று எழுத வேண்டும். நான் இதையெல்லாம் பரீட்சைக்காக எழுதிக்கொண்டேன். புஷ்பவல்லி எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"சார், அந்த மைனஸ மட்டும் எடுத்துட்டா என்னாகும்?"

"எடுத்துட்டா? நீ கூட்டக் கூட்ட நம்பர் கொறஞ்சிக்கிட்டே போகும். ஆனா எந்த மடையன்மா மைனஸ எடுத்து எழுதுவான்?"

வகுப்பு சிரித்தது. அவள் மேசைமேல் பென்சிலால் ஒரு கழித்தல் போட்டாள். இரண்டு பைட் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் 65,536. அதிலிருந்து மேருவில் காட்டிய 31,536ஐக் கழித்தாள். 34,000 வந்தது. கடைசியில் இருந்த ஆறும் போயிற்று. ரவாங்கில் நிறுத்தது 34,020. இருபது கிலோதான் வித்தியாசம்.

அன்று வீட்டுக்குப் போனதும் வாசுவிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டாளாம், ரவாங்கிலிருந்து மேருவுக்கு டிரெய்லர் எவ்வளவு டீசல் குடிக்கும் என்று. "இருபது, இருபத்தஞ்சு லிட்டர் போகும். ஏன்?" என்றான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் இதை என்னிடம் சொன்னபோது, "போய் உடனே சொல்லு" என்று நான் குதித்தேன். அவள் அசையவில்லை.

"சொன்னா என்னாகும்? மெஷின்ல தப்புன்னு ஆயிடும். முதலாளி இவரக் கூப்பிட்டுத் தட்டிக் குடுப்பாரு. அந்த ஆளு, 'நானும் கம்ப்யூட்டர நம்பித்தானே தம்பி சொன்னேன்'னு பல்லக் காட்டுவான். எல்லாரும் டீ குடிப்பாங்க. எம்புருசன் கை வெந்தது வெந்ததுதான். யாரும் எந்தத் தப்பும் பண்ணாத மாதிரி முடிஞ்சிடும் ராஜம். நான் விடமாட்டேன்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இப்போதும் படுகிறது. உண்மை சில சமயம் எல்லோருக்கும் ஒரே மாதிரி விடுதலை கொடுத்துவிடுகிறது. அந்த விடுதலை சபாபதிக்கு இலவசமாகக் கிடைக்கக் கூடாது என்பதுதான் அவள் வாதம்.

வாசுவிடமும் அவள் சொல்லவில்லை. சொன்னால் அவன் அடுத்த நிமிடம் முதலாளி வீட்டுக்கு ஓடியிருப்பான்.

வகுப்பு முடிந்து சர்டிபிகேட் வந்ததும், மேரு உருக்காலையில் கம்ப்யூட்டர் வேலைக்கு உதவி ஆள் தேவை என்று பேப்பரில் பார்த்து மனுப் போட்டாள். அடையாள அட்டையில் நம் பெண்களுக்கு அப்பா பெயர்தானே இருக்கும். அவள் யார் பெண்டாட்டி என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கார்த்திகேசு என்ற பெரியவர்தான் அங்கே கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். திம்பாங்குக்கு புரோகிராம் எழுதியவரும் அவர்தான். நல்ல மனுஷன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவள் அந்த புரோகிராமைத் திறந்து பார்த்துவிட்டாள். எடையை இன்ட்டில் வாங்கியிருந்தார். அடுத்த வரியில், எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் மைனஸை எடுத்துவிடு என்று எழுதியிருந்தது.

"இந்த வரி எதுக்கு சார்?" என்று ஒன்றும் தெரியாத முகத்தோடு கேட்டாள்.

"அதுவா? நான் பழைய ஆபீஸ்ல, பெரிய மெஷின்ல எழுதினது இது. அங்க ஒழுங்கா ஓடிச்சு. இங்க பிசியில போட்டு டெஸ்ட் பண்ணப்ப ஒரு தடவ மைனஸ் வந்துச்சு. கான்ட்ராக்டர் ஒயர மாத்திக் குடுத்துட்டான்னு நெனச்சேன். லோரிக்கு மைனஸ்ல எடை உண்டா? அதான் எடுத்துட்டேன்."

அவ்வளவுதான். புரோகிராம் எழுதியவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லாமலேயே வாசு பொய்ச் சத்தியக்காரன் ஆகியிருந்தான். கெட்ட எண்ணம் சபாபதியிடம் மட்டும் இருந்தது. அது புரோகிராமில் இல்லை, டீ குடித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவில் இருந்தது.

புஷ்பவல்லி அந்த வரியைத் தொடவில்லை. சபாபதியின் எடை ஒருநாளும் குறையாததற்குக் காரணமும் அவளுக்கு அங்கேதான் தெரிந்தது. வண்டி நோகக் கூடாது என்று அவர் டிரெய்லரை நிறைப்பதே இல்லை. முப்பது டன்னோடு நிறுத்திக்கொள்வார். முப்பது டன் இரண்டு பைட்டுக்குள் அடங்கிவிடும். வாசு போனதும் இரும்பு ஒழுங்காக வந்து சேர்கிறது பாருங்கள் என்று அவர் முற்றத்தில் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் உருக்காலை மேனேஜர், உலை இரும்புக்காகக் காத்துக் கிடக்கிறதே என்று ஆபீசில் வந்து சத்தம் போட்டார். புஷ்பவல்லி டைப் அடித்துக்கொண்டே சொன்னாள்.

"அடைக்கப்பன் கம்பெனி டிரெய்லர் கொஞ்சம் காலியாவே வருது சார். முன்ன நல்லா நெறச்சிக்கிட்டு வருமாம்."

ஒரு பொய்யும் சொல்லவில்லை பாருங்கள். இனி டிரெய்லர் நிறைந்து வர வேண்டும், இல்லாவிட்டால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்வோம் என்று மேனேஜர் அன்றே போன் பண்ணினார்.

சபாபதி நிறைத்துக்கொண்டு வந்தார். திரை குறைத்துக் காட்டியது. மறுநடையும் அப்படியே. குறைவாகக் காட்டினால் உருக்காலைக்கு நஷ்டமில்லை, அங்கே யாரும் தலையைச் சொறியவில்லை. கிள்ளான் முற்றத்தில் பேச்சு கிளம்பியது. மண்டோர் என்பதால் முகத்துக்கு நேரே கேட்கப் பயந்தவர்கள், முதுகுக்குப் பின்னால் கேட்டார்கள். அடைக்கப்பன் நேராகவே கேட்டார். சபாபதி குதித்தார், கத்தினார், கடைசியில் தானே முன்வந்து வெள்ளிக்கிழமை சூடத்தை அணைத்தார். தன் கை சுத்தம் என்று முனியாண்டிக்குத் தெரியும் என்ற தைரியம். உண்மையிலேயே அவர் கை சுத்தம்தான். அடுத்த நடை ரவாங்கில் முப்பத்து நாலே முக்கால் டன் ஏற்றினார். மேருவில் முப்பத்தொன்றுக்குக் கீழே போயிற்று.

வகுப்பு முடிந்த பிறகும் நாங்கள் அடிக்கடி சந்தித்துக்கொண்டோம். அன்று மாலை பஸ்ஸில் புஷ்பவல்லி என்னிடம் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆன்டி, ஏதோ கல்யாணச் செய்தி போலும் என்று எங்களைப் பார்த்துத் தானும் சிரித்தார்.

சபாபதியின் வண்டிக்குப் பக்கத்தில் இப்போது யாரும் வண்டி நிறுத்தவில்லை. மகளுக்கு நிச்சயம் பண்ணியிருந்த இடத்தில் சம்பந்தி வீட்டார் இழுக்க ஆரம்பித்தார்கள். மனுஷன் மெலிந்துபோய் உருக்காலைக்கு வந்து, கார்த்திகேசுவிடம் நியாயம் கேட்டார். திம்பாங் சமாச்சாரத்தை இப்போது உதவிப் பெண்தான் பார்க்கிறாள், அவளிடம் கேளுங்கள் என்று அவர் மாடியைக் காட்டினார். சபாபதி மாடி ஏறி வந்து கதவைத் திறந்தார். புஷ்பவல்லி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"நீயா?" என்றார். பிறகு முகம் கறுத்தது. "இப்பத்தான் புரியுது. நீதான் கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணி என்னைக் கவுக்கிற. திருடுனவன் பொண்டாட்டி வேற எப்படி இருப்பா?"

"கம்ப்யூட்டர் என்ன என் மச்சானாண்ணே, எனக்காகப் பொய் சொல்ல?"

அவருக்கு அந்த வார்த்தை ஞாபகம் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் உட்காரச் சொல்லவில்லை. அவர் குரல் இறங்கியது.

"எம்பொண்ணு கல்யாணம் நிக்கப்போவுது தங்கச்சி. உனக்கு என்ன வேணும், சொல்லு."

"வர்ற வெள்ளிக்கெழம, எல்லாரும் இருக்கும்போது, முனியாண்டி முன்னால சூடத்த அணச்சு, 'வாசு எதையும் எடுக்கல, அவன் பண்ணது பொய்ச் சத்தியம் இல்ல, இது எனக்குத் தெரியும்'னு சொல்லணும். திங்கக்கெழம ஒங்க பேரும் சுத்தமாயிடும்."

"எனக்கு எப்படித் தெரியும்? அவன் எடுத்தான்னுதான் நான் இன்னைக்கும் நம்புறேன். தெரியாதத சாமி முன்னால எப்படிச் சத்தியம் பண்றது?"

"அது ஒங்களுக்கும் முனியாண்டிக்கும் உள்ள விசயம் அண்ணே."

கவனியுங்கள், அவள் அந்த நேரத்தில் புரோகிராமைக் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் அவர் மனம் தெளிந்து, நம்பிக்கையோடு அதே வார்த்தைகளைச் சொல்லியிருப்பார். அது அவளுக்கு வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை வாசுவை வற்புறுத்தி அழைத்துக்கொண்டு போனாள். அவன் உள்ளே வரமாட்டேன் என்று வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். நானும் போயிருந்தேன், இதைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. பூசை முடிந்ததும் சபாபதி முன்னால் வந்தார். தட்டில் சூடம் எரிந்தது. கை மேலேயே நின்றது, இறங்கவில்லை. அவர் முனியாண்டியைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், அரிவாளைப் பார்த்தார். சூடம் உருகிச் சின்னதாகிக்கொண்டே வந்தது. "அணைஞ்சிடப்போவுது சபாபதி" என்றார் அடைக்கப்பன். சபாபதி உள்ளங்கையை வைத்து அழுத்தி, அவள் சொல்லிக்கொடுத்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். குரல் நடுங்கியது. எல்லோரும் சூடு தாங்காமல் நடுங்குகிறார் என்று நினைத்தார்கள்.

டிரைவர்கள் திரும்பி வாசல் பக்கம் பார்த்தார்கள். அவர் பெயரே கெட்டுக் கிடந்தாலும், பழி சொன்ன ஆளே சாமிமேல் ஆணையாக அதைத் திருப்பி வாங்கிக்கொண்டபிறகு வேறென்ன வேண்டும்? ஒருவர் போய் வாசுவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தார். பூசாரி திருநீறு கொடுத்தார். அதைப் பூசும்போது வாசு சின்னப் பிள்ளை மாதிரி விம்மினான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. புஷ்பவல்லி வாசுவைப் பார்க்கவில்லை. தண்ணீர்க் குழாயில் கையை நீட்டிக்கொண்டு நின்ற சபாபதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னபடி திங்கட்கிழமை அவள் கார்த்திகேசுவைக் கூப்பிட்டு, அந்த இரண்டு வரிகளையும் காட்டினாள். அவருக்கு ஒரு நிமிடம்தான் ஆயிற்று. நெற்றியில் அடித்துக்கொண்டு, "இங்க இன்ட் ரெண்டு பைட்டுல்ல, அடக் கடவுளே" என்றார். எடை போகிற இடத்திலெல்லாம் இன்ட்டை லாங் என்று மாற்றினார்கள். மைனஸ் எடுக்கிற வரியைத் தூக்கினார்கள். சபாபதியின் டிரெய்லர் மேடையில் ஏறியது. ரவாங்கில் காட்டிய எடை, டீசலுக்கு இருபது கிலோ போக, அப்படியே திரையில் வந்தது. அடைக்கப்பனைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் அன்றே ஆளனுப்பி வாசுவிடம் டிரெய்லர் சாவியைக் கொடுத்தார்.

அன்று சாப்பிடும்போது வாசு கேட்டானாம். "இது உனக்கு எப்ப தெரியும்?"

"வகுப்புல படிச்சப்பவே."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "அத்தன மாசமும் சாமி என்னைக் கைவிட்டுருச்சுன்னு நெனச்சுக்கிட்டுப் படுத்துக் கெடந்தேன் புஷ்பா. பக்கத்துலதான நீ இருந்த" என்றான். தட்டைத் தானே கழுவி வைத்தான். அதை அவள் பஸ்ஸில் என்னிடம் சொல்லிவிட்டு, கையில் இருந்த டிக்கெட்டை நாலாக மடித்தாள். "ஆனா நான் மறுபடியும் அப்படித்தான் பண்ணுவேன்" என்றாள்.

சபாபதி கடைசியாக ஒருமுறை அந்த மாடிக்கு வந்தார். அவர் பெயர் சுத்தமாகியிருந்தது, மகள் கல்யாணம் பழைய தேதிக்கே நிலைத்திருந்தது. நன்றி சொல்ல வந்தவர் மாதிரி தெரியவில்லை. இந்த முறையும் அவள் எழுந்திருக்கவில்லை.

"அப்ப வாசு நெசமாவே எடுக்கல."

"எடுக்கல."

"அப்ப நான் சாமி முன்னால சொன்னது உண்மைதானே? பொய்ச் சத்தியம் ஆவாதுல்ல?" அவர் உள்ளங்கையை விரித்து அவளிடம் காட்டினார். நடுவில் வட்டமாக வெந்து சிவந்திருந்தது, வாசு கையில் இருந்த அதே இடத்தில்.

புஷ்பவல்லி அந்தக் கையை நிதானமாகப் பார்த்தாள்.

"சொன்னது உண்மைதாண்ணே. சொல்லும்போது நீங்க அத என்னன்னு நெனச்சு சொன்னீங்க?"

அவர் கையை மூடிக்கொண்டு படி இறங்கினார். கல்யாணத்துக்கு முன்னால் முனியாண்டிக்குப் பத்திரிகை வைக்க அவர் வரவில்லை, மனைவியை அனுப்பினார். அதற்குப் பிறகும் அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்தார், முன் வாசல் அரசமரத்தடி வழியாகப் போகிறது என்பதால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வந்தார். ஏன் என்று கேட்டவர்களுக்கு முட்டி வலி என்றார். பின்பக்க வழிதான் தூரம் அதிகம், அது புஷ்பவல்லிக்குத் தெரியும்.